பற்று நோட்டும் கால் கிலோ ரவையும்: ஓர் அண்ணாச்சி கடையின் கணக்கு

அசோக் நகருக்கும் ஜாபர்கான்பேட்டைக்கும் நடுவில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது இந்தக் கடை. பத்தடி அகலம், பதினைந்தடி ஆழம். பெயர்ப் பலகையில் முருகன் பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அண்ணாச்சி கடை என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். உரிமையாளர் வேண்டாம் என்றதால் பலகையில் உள்ள பெயரும் அவர் பெயரும் இங்கே இல்லை.

அரை கிலோமீட்டருக்குள் இரண்டு சூப்பர் மார்க்கெட்கள் இருக்கின்றன. போனைத் தட்டினால் கால் மணி நேரத்துக்குள் பையோடு வந்து நிற்கும் டெலிவரி ஆட்களும் உண்டு. அப்படியும் காலை ஆறரைக்கும் இரவு எட்டு மணிக்கும் இங்கே நிற்க இடம் கிடைப்பதில்லை. ஏன் என்று தெருவில் யாரைக் கேட்டாலும், "அண்ணாச்சி நல்ல மனுஷர்" என்கிறார்கள். நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல மனிதர்கள் நடத்திய எத்தனையோ கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போயிருக்கின்றன. அதனால் குணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இந்தக் கடையின் மேல் தெருவுக்கு இவ்வளவு பிரியம் எங்கிருந்து வருகிறது என்று வியாபாரக் கண்ணோடு பார்த்தேன். எனக்குத் தெரிந்தவரை அதற்கு அடியில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, பொருளை உடைத்துத் தருவது. இன்னொன்று, பணம் தரும் நாளைத் தள்ளிக் கொடுப்பது. சிரிப்பு, விசாரிப்பு, கொசுறாகக் கொடுக்கும் ஒரு கொத்து கறிவேப்பிலை எல்லாம் இந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன.

உடைத்துத் தருவது

காலையில் போணி ஆகும்வரை இங்கே கடன் கிடையாது. முதல் ரொக்கம் பெரும்பாலும் ஆவின் பாலுக்கு வருவதுதான். பால் பாக்கெட்டில் கிடைக்கும் கமிஷன் சில்லறைக் காசுதான். அதைத் தூக்கி வைத்து, பிரிட்ஜில் அடுக்கி, கசிந்ததை மாற்றிக் கொடுக்கும் பாட்டுக்கு அது காணாது. அப்படியும் பால் விற்காத மளிகைக் கடை இந்தப் பகுதியில் அபூர்வம். பாலுக்கு வருகிறவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை, அதுதான் காரணம்.

ஏழு மணிக்கு வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்கள் வருவார்கள். ஒருவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணாச்சி, கால் கிலோ ரவை, பத்து ரூபாய்க்குப் பூண்டு, அஞ்சு ரூபாய்க்குக் கடுகு, ரெண்டு முட்டை, ஒரு தீப்பெட்டி." அண்ணாச்சி தலை நிமிரவில்லை. பழைய தாளில் கால் பங்கைக் கிழித்தார், இடது கையில் கூம்பாகச் சுற்றினார், கடுகை அள்ளிப் போட்டு மேல் மடிப்பை உள்ளே செருகினார். தலைக்கு மேல் தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து இரண்டு சுற்று சுற்றி, விரலில் ஒரு வெட்டு வெட்டி அறுத்தார். எல்லாம் நாலைந்து நொடி. கடுகுக்குத் தராசு இல்லை, கையளவுதான். சந்தேகப்பட்டு நான் ஒரு பொட்டலத்தை மின்னணுத் தராசில் வைக்கச் சொன்னேன். ஐந்து ரூபாய்க்கு வரவேண்டியதைவிட ஓரிரு கிராம் கூடவே இருந்தது.

இந்த அக்காவின் பட்டியலோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் என்ன ஆகும்? ரவை அரை கிலோ பாக்கெட், கடுகு நூறு கிராம், முட்டை ஆறாக அடைத்த அட்டை, தீப்பெட்டி பத்து கொண்ட கட்டு. கிலோ கணக்கில் அங்கே விலை குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் கையில் இருப்பது அன்றைய காசு. அது அன்றைய சமையலுக்கு மட்டும்தான் போதும். ஐம்பது கிலோ மூட்டையில் வந்த சர்க்கரையை நூறு கிராமாகப் பிரித்துக் கொடுப்பதில் சிந்தல் உண்டு, எறும்பு உண்டு, ஒவ்வொரு நிறுவையிலும் கை கொஞ்சம் தாராளமாகப் போவது உண்டு. மூட்டை கழியும்போது ஒரு கிலோவாவது கணக்கில் வராது என்கிறார் அண்ணாச்சி. அதையும் சேர்த்துத்தான் விலை வைக்கிறார். மறைக்கவில்லை, கேட்டால் சொல்கிறார்.

பெரிய கம்பெனிகள் இதைப் பிறகுதான் கற்றுக்கொண்டன. தமிழ்நாட்டில் ஷாம்புவைப் பாக்கெட்டாக்கி விற்ற முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்புவைக் கொண்டு வந்து, அதைச் சில்லறைக் காசுக்குக் கிராமம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்று கடை முகப்பில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு, காபித்தூள், ஊறுகாய் எல்லாவற்றிலும் உடைக்கும் வேலையைத் தொழிற்சாலையே செய்துவிடுகிறது. அண்ணாச்சிக்கு அதில் பெருமையும் இல்லை, பெரிய லாபமும் இல்லை. கம்பெனிச் சரக்கில் கடைக்காரருக்கு நிற்பது பொதுவாகப் பத்து சதவீதத்தை ஒட்டித்தான். பருப்பு, புளி, மிளகாய், வெல்லம் இவைதான் கடையைத் தாங்குகின்றன, ஏனென்றால் அவற்றில் அச்சடித்த விலை இல்லை.

சட்டம் இந்த உடைக்கும் வேலையை இரண்டு பக்கமும் இழுத்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிகள் சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்கக் கூடாது என்கின்றன. அதோடு தகர டின்னும் கை பம்பும் போய்விட்டன. கல் உப்பு மூட்டையும் போயிற்று. ராத்திரி பூட்டிய பிறகும் உப்பு மூட்டை வெளியிலேயே கிடக்கும், யாரும் தொடமாட்டார்கள் என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். மறுபக்கம், 2022 ஜூலை 18 முதல் பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரை ஐந்து சதவீத ஜிஎஸ்டி வந்தது. மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. ஆக, கால் கிலோ பருப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் பழைய வழிக்கு அரசாங்கமே ஒரு சலுகை கொடுத்த மாதிரி ஆயிற்று. அரிசி ஆலைகள் சும்மா இருக்குமா? 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்துவிட்டன. கடை மூலையில் அடுக்கியிருக்கும் அரிசி மூட்டைகளில் 26 என்று ஏன் போட்டிருக்கிறது என்று கேட்கிற வாடிக்கையாளர்களுக்கு அண்ணாச்சி சலிக்காமல் விளக்கம் சொல்கிறார்.

பற்று நோட்டு

கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு ஆணியில், வாடிக்கைக்காரர்களின் கடனை, அதாவது பற்றை, எழுதி வைக்கும் நீள நோட்டுகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே பெயர்கள் இப்படி: மாடி டீச்சர். பச்சை கேட். ஆட்டோ செல்வம் பக்கத்து வீடு. உண்மைப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்றால், அண்ணாச்சிக்கே பாதிதான் தெரியும்.

யாருக்குப் பற்று கொடுப்பது என்பதற்கு எழுதின விதி ஏதும் இல்லை. ஆனால் விதி இருக்கிறது. புதிதாகக் குடி வந்தவருக்கு முதல் சில மாதம் ரொக்கம்தான். அந்த மாதங்களில் அவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், எந்தத் தேதியில் பெரிய நோட்டு நீட்டுகிறார், வீட்டு ஓனர் அவரைப் பற்றி என்ன சொல்கிறார், குழந்தை எந்தப் பள்ளிக்கூடச் சட்டை போடுகிறது என்பதெல்லாம் கடைக்கு வந்து சேர்ந்துவிடும். "ஊர்ல அம்மாவுக்கு உடம்பு தேவலையா?" என்ற விசாரிப்பில் அக்கறை இருக்கிறது. இந்த மாதம் அந்த வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு, பாக்கி தள்ளும் என்ற தகவலும் அதிலேயே வந்துவிடுகிறது. இரண்டையும் பிரிக்க முயன்றால் அவருக்கே சிரிப்பு வருகிறது. வங்கி இதையே செய்ய ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்கும்.

பேச்சிலர் அறைகளுக்குப் பற்று இல்லை. வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமாவில் வாய்ப்புத் தேடி வந்து தங்குகிற பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாக அறையைக் காலி செய்துவிடுவார்கள். அப்படிப் போனவர் பெரிய ஆளாகி, காரில் திரும்பி வந்து பழைய பாக்கியைத் தீர்த்தார் என்ற கதை இந்தப் பகுதியில் கடைக்கு ஒன்று உண்டு. நான் அதை நம்புவதில்லை. அண்ணாச்சியும் நம்புவதில்லை.

பற்றுக்கு வட்டி இல்லை என்பார்கள். வெளியே தெரிகிற வட்டி இல்லை, அவ்வளவுதான். ரொக்கத்துக்கு வருகிறவர், "என்ன அண்ணாச்சி, துவரம் பருப்பு போன வாரத்தைவிட ஏறியிருக்கு?" என்று கேட்பார். பற்று நோட்டு உள்ளவர் கேட்பதில்லை. பையனிடம் சீட்டைக் கொடுத்தனுப்புவார். 'து.பருப்பு 1, உ.பருப்பு ½, மி.வத்தல் ¼' என்று எழுதியிருக்கும், விலை பேச்சே இருக்காது. கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் அங்கே தங்கும். இதைச் சுரண்டல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடகுக் கடைக்கும் கந்துவட்டிக்காரருக்கும் கொடுப்பதோடு ஒப்பிட்டால் இது மிக மலிவான கடன். ஆனால் இலவசம் என்று சொல்லி உருகுவதும் சரியில்லை.

அந்த நோட்டின் பலம் நெருக்கடியில்தான் தெரிந்தது. 2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறு, ஆயிரம் செல்லாது என்று அறிவித்த மறுநாள், தெருவில் எல்லார் கையிலும் பணம் இருந்தது, யாராலும் செலவழிக்க முடியவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு சாமானைக் கொடுத்தது இந்தக் கடை. பேச்சிலர்களுக்கும் அந்த மாதம் விதிவிலக்கு.

2020 ஊரடங்கு வேறு மாதிரி. மளிகைக் கடைக்கு முதலில் மதியம் இரண்டரை வரை அனுமதி, ஏப்ரல் 5 முதல் ஒரு மணி வரை. அப்புறம் ஏப்ரல் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு என்று திடீரென்று அறிவித்ததும் முந்தின நாள் கூட்டம் முண்டியடித்தது. அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு வாட்ஸ்ஆப்பில் வந்த பட்டியல்களுக்கு மட்டும் கட்டினார். யாருடைய பட்டியல்? எண் தெரிந்தவர்களுடையது. வெளியே வரிசையில் நின்ற முகம் தெரியாதவர்களுக்குப் பருப்பு தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. உள்ளே இரண்டு மூட்டை இருந்தது. வாடிக்கைக்காரர்கள் அதை இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். வரிசையில் நின்றவர்களைத் தேடிப் போய்க் கேட்க என்னால் முடியவில்லை. கடைக்கு நாம் தெரிந்தவர்களாக இருக்கிறவரைதான் அது நம் கடை.

முதல் எங்கிருந்து வந்தது

திருச்செந்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிறுவனாக வந்தவர் இவர். மாமா கடையில் வேலை, கடையிலேயே படுக்கை, சாப்பாடு. சம்பளம் கைக்கு வராது, மாமாவின் கணக்கில் சேரும். பல வருடம் கழித்து அந்தச் சேமிப்பு, சொந்தக்காரர்கள் கொடுத்தது, ஒரு ஏலச்சீட்டை முதலிலேயே தள்ளி எடுத்தது எல்லாம் சேர்ந்து எண்பதுகளின் நடுவில் இந்தக் கடை. சென்னையின் பெரும்பாலான அண்ணாச்சி கடைகளுக்கு இதே ஜாதகம்தான்.

இதற்குப் பின்னால் தென் மாவட்ட நாடார் வணிகர்கள் கட்டிய பெரிய ஏற்பாடு இருக்கிறது. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து, உறவின்முறை என்ற தங்கள் சமூகச் சங்கத்தின் பொதுப் பணமாகச் சேர்த்தார்கள். விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலா பள்ளி அப்படி வளர்ந்ததுதான். காமராஜர் படித்த பள்ளி. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. கோயிலுக்குள்ளும் பொதுத் தெருவிலும் நுழையத் தடுக்கப்பட்ட ஒரு சமூகம், கடன் கேட்டுப் பிறர் வாசலில் நிற்காமல் தானே தனக்குக் கடன் கொடுத்துக்கொள்ளக் கண்ட வழி இது. தனக்குள்ளே நம்பிக்கையின் பேரில் பணம் புரண்டு பழகியதால்தான், முகம் பார்த்துக் கடன் கொடுக்கிற கை இவர்களுக்கு இயல்பாக வந்தது என்று நினைக்கிறேன்.

காய்கறி வியாபாரம் 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்குப் போனாலும், மளிகை மொத்த வியாபாரம் ஜார்ஜ் டவுன் சந்துகளிலேயே பெரும்பாலும் தங்கிவிட்டது. அண்ணாச்சி இன்னும் அங்கேதான் போகிறார். அங்கேயும் அவருக்கு ஒரு பற்று நோட்டு இருக்கிறது. அதே 1996இல்தான் சென்னையில் புட்வேர்ல்டு சூப்பர் மார்க்கெட் திறந்தது. அண்ணாச்சிகள் கதை முடிந்தது என்று அப்போதே எழுதினார்கள். 2012 செப்டம்பரில் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தபோதும் எழுதினார்கள். தமிழ்நாட்டில் விடமாட்டோம் என்றது மாநில அரசு. வணிகர் சங்கங்கள் கடையடைத்தன. புட்வேர்ல்டு பலகை சென்னைத் தெருக்களை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது.

பிரியத்தின் மறுபக்கம்

சிறுவனாக வந்து கடையிலேயே படுத்தவன் என்று மேலே எளிதாக எழுதிவிட்டேன். அது பள்ளிக்கூடம் போகவேண்டிய வயது. இவருக்கு அதில் மனக்குறை இருக்கிறது, தொழில் கற்ற பெருமையும் இருக்கிறது. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பதினான்கு வயதுக்குக் கீழே யாரையும் வெளியிலிருந்து வேலைக்கு வைக்க முடியாது. அதற்கு வெகு முன்பே ஊரிலிருந்து பையன்கள் வருவது நின்றுவிட்டது. அவர்கள் படிக்கப் போய்விட்டார்கள். நல்லதுதான்.

இன்னொன்று. கடை முன்னால் எப்போதும் நாலு ஆண்கள் நிற்பார்கள். நாப்கின் வாங்க வரும் பெண் கூட்டம் கலையக் காத்து நிற்பாள், அல்லது குரலைத் தாழ்த்திக் கேட்பாள். அது பழைய தாளில் சுற்றி, கறுப்புப் பைக்குள் போய் வெளியே வரும். இந்தத் தெருவின் கல்லூரிப் பெண்கள் அதை மட்டும் சூப்பர் மார்க்கெட்டிலோ போனிலோ வாங்கிக்கொள்கிறார்கள். எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வைத்திருக்கும் கடையில் எல்லாவற்றையும் வாங்க முடியாது. தெருக் கடையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ.

போன் டெலிவரி கடைக்கு எவ்வளவு அடி கொடுத்தது என்று கேட்டேன். மாதச் சாமான் பட்டியல் சுருங்கிவிட்டது. டெலிவரி கம்பெனிகளின் தள்ளுபடிக்கு பிஸ்கட், சோப்பு, டிடர்ஜென்ட் எல்லாம் அங்கே போய்விட்டன. ஆனால் தாளிக்கும்போது கடுகு இல்லை என்று ஓடி வருகிறவர்கள் ஓடி வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கல்லா மேல் இருக்கும் க்யூஆர் அட்டை வேறொன்றையும் மாற்றியிருக்கிறது. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் வழக்கம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கைபேசியில் உடனே கட்ட முடிவதால் சின்னப் பற்றுகளும் குறைந்திருக்கின்றன. பற்று குறைந்தால் பாக்கி நிற்காது, நல்லதுதானே என்றேன். "பாக்கி இல்லன்னா அவங்க எங்க வேணா வாங்குவாங்களே தம்பி" என்றார்.

அடுத்து யார்

மகன் சோழிங்கநல்லூர் பக்கம் ஐடி கம்பெனியில் இருக்கிறார். மகள் மருந்தாளுநர். இருவரையும் கடைக்குக் கொண்டு வரும் எண்ணம் அவருக்கே இல்லை. காலை ஐந்தரை முதல் இரவு பத்தரை வரை நின்ற கால்கள் அவை. மூட்டு வலிக்கு வைத்தியம் ஓடிக்கொண்டிருக்கிறது. வணிகர் தினமான மே 5இல் கடையடைப்பு, அதைத் தவிர கல்யாணம், சாவு. வேறு லீவு கிடையாது. பிள்ளைகள் இதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பது நியாயம் இல்லை.

கடையில் இப்போது நிற்பவர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். அவர் பேசும் தமிழ் தூத்துக்குடித் தமிழ். "இந்தா தாரேன்க்கா" என்று அவர் சொல்லும்போது புதிதாகக் கேட்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பொட்டலம் கட்டுவார், மூட்டை பார்த்து வாங்குவார். எந்த நோட்டு எந்த வீடு என்பதும் தெரியும். கடையை எடுத்துக்கொள்கிறேன் என்று அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறார். அண்ணாச்சிக்கும் சம்மதம்தான்.

சிக்கல் பணத்தில். வீட்டு ஓனர் புது ஆளுக்குப் புது அட்வான்ஸ் கேட்கிறார், பழையதைப்போல் பல மடங்கு. சீட்டு பிடிக்கும் வட்டத்தில் அந்த இளைஞர் இல்லை. மொத்தக் கடைக்காரர்கள் அண்ணாச்சி முகத்துக்குச் சரக்குக் கொடுப்பார்கள், அவருக்குக் கொடுப்பார்களா என்று தெரியாது. நின்று போயிருக்கும் பாக்கியை எந்த விலைக்குக் கைமாற்றுவது என்றும் பேச்சு முடியவில்லை. அதை வசூலிக்கும் உரிமையைக் கொடுக்கலாம், கேட்டால் கொடுப்பார்களா? ஜார்ஜ் டவுனில் உள்ள தன் மொத்தக் கடைக்காரர் ஒருவரிடம் இளைஞரைக் கூட்டிப்போய், முதல் ஆறு மாதச் சரக்குக்குத் தான் பொறுப்பு என்று சொல்வதாக அண்ணாச்சி முடிவு செய்திருக்கிறார். அட்வான்ஸுக்கு வழி இன்னும் பிறக்கவில்லை. வாடகை ஒப்பந்தம் தை மாதம் முடிகிறது.